டெக்சாஸில் வேட்டைக்கு நிலம்: கேட்டு வாங்குவதா, குத்தகையா, 48 டாலர் பெர்மிட்டா?

ஆகஸ்ட் பிறந்தால் இந்தக் கேள்வி என்னிடம் வர ஆரம்பித்துவிடும். தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, "ஹன்டர் எஜுகேஷன் (வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி) முடிச்சிட்டேங்க, லைசென்ஸும் வாங்கப்போறேன். எங்க போய் வேட்டையாடுறது?" என்பார்.

டெக்சாஸில் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. மாநிலத்தின் பரப்பு சுமார் 17 கோடி ஏக்கர். அதில் ஏறக்குறைய 95 சதவீதம் தனியார் நிலம். மேற்கே கொலராடோவிலும் மொன்டானாவிலும் அரசு நிலத்தில் இறங்கி நடந்துகொண்டே போகலாம். இங்கே முள்வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய சொத்து. அவர் சம்மதம் இல்லாமல் துப்பாக்கியோடு உள்ளே போனால் அத்துமீறி நுழைந்த குற்றத்தோடு விட மாட்டார்கள். சம்மதமின்றி வேட்டையாடுவது வேட்டைச் சட்டத்தில் தனிக் குற்றம். மானைச் சுட்டுவிட்டால் சிறை வரை போகும். வேலிக்கம்பத்திலோ மரத்திலோ நெட்டுக்குத்தாக ஊதா நிறப் பெயிண்ட் கோடு தெரிந்தால், அது 'உள்ளே வராதே' என்ற பலகைக்குச் சமம். 1997-லிருந்து சட்டம் அப்படித்தான் இருக்கிறது. விசாவில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு வழக்கு என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே இடம் கிடைக்க நான்கு வழிகள்தான். நிலத்துக்காரரிடம் நேராகக் கேட்டு வாங்குவது, வருடக் குத்தகை எடுப்பது, நாளுக்கு இவ்வளவு என்று காசு கட்டிப் போவது, அரசின் பொது வேட்டை பெர்மிட் வாங்குவது. நான்கையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நீங்கள் எந்த விலங்கைத் தேடிப் போகிறீர்கள் என்பதுதான் முக்கால்வாசி முடிவைச் செய்துவிடுகிறது. பலர் இதை யோசிக்காமலே குத்தகைப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

மானிலிருந்து தொடங்குவோம். நவம்பர் முதல் சனிக்கிழமை வெண்வால் மான் சீசன் திறக்கிறது. மத்திய டெக்சாஸில், மலைநாடு என்று நாம் சொல்லும் ஹில் கன்ட்ரிப் பக்கம் பல குடும்பங்களுக்கு ஆட்டிலும் மாட்டிலும் வருவதைவிட மான் குத்தகையில்தான் காசு அதிகம். சொத்து வரி, வேலி, கிணற்று மோட்டார் என்று எல்லாச் செலவும் அந்தப் பணத்தை நம்பித்தான் ஓடுகிறது. அங்கே போய் அறிமுகமே இல்லாத ஒருவர் "சும்மா ஒரு மான் சுட்டுக்கிறேன்" என்று கேட்பது, மாந்தோப்புக்காரரிடம் சீசனில் ஒரு லாரி மாம்பழம் இனாமாகக் கேட்பது போலத்தான். அவர் மரியாதையாகவே மறுப்பார். மறுத்ததில் தப்பும் இல்லை. மான்தான் வேண்டும் என்றால் ஒன்று காசு, இல்லையென்றால் அரசு குலுக்கலில் ஆள் தேர்ந்தெடுத்து நடத்தும் வேட்டை. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் நிறைய மனவருத்தம் மிச்சம்.

காட்டுப்பன்றிக்கும் புறாவுக்கும் கணக்கு வேறு. டெக்சாஸில் காட்டுப்பன்றிகள் 26 லட்சம் இருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஒரே இரவில் ஓட்ஸ் வயலை ஏர் ஓட்டியது போலக் கிளறிப் போட்டுவிட்டுப் போகும். பிறந்து ஓரிரு நாளான ஆட்டுக்குட்டியையும் விடாது. 2019 செப்டம்பர் 1 முதல், தனியார் நிலத்தில் நிலத்துக்காரர் சம்மதம் இருந்தால் காட்டுப்பன்றியை வேட்டையாட லைசென்ஸே தேவையில்லை என்று சட்டத்தை மாற்றிவிட்டார்கள். பன்றிக்குச் சீசன் கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது, இரவிலும் சுடலாம். இங்கே கேட்பவருக்கு மட்டுமல்ல, கொடுப்பவருக்கும் தேவை இருக்கிறது. இலவச அனுமதி என்பது உண்மையில் நடக்கும் இடம் இதுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் ஆறு வருடமாகத் தீபாவளிக்கு ஆடு வாங்குவது ஒரே பண்ணையில். ஆஸ்டினிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். நாலைந்து குடும்பம் சேர்ந்து போய், அவரே எடை போட்டுக் கொடுத்ததை வாங்கி வருவோம். பேரம் பேசியதில்லை, சொன்ன நாளில் போகாமல் இருந்ததில்லை. ஒரு வருடம் போனபோது பட்டிக்குப் பின்னால் இருந்த ஓட்ஸ் வயலைக் காட்டினார். முழங்கால் ஆழத்துக்குக் குழி, கவிழ்ந்து கிடக்கும் மண்கட்டிகள், நடுநடுவே சேற்றில் குளம்புத் தடம். அந்த மாதத்தில் மூன்று குட்டிகள் போய்விட்டன என்றார். கூண்டு வைத்திருந்தார், பெரிய பன்றிகள் கூண்டுக்குப் பழகி, உள்ளே வராமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன.

அப்போதுதான் கேட்டேன். "பன்றி மட்டும், நான் ஒருவன் மட்டும், நீங்கள் சொல்லும் நாளில் மட்டும் வரலாமா, சார்?" அன்றைக்கு அவர் சரி என்று சொல்லவில்லை. மனைவியிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். பத்து நாள் கழித்துத்தான் மெசேஜ் வந்தது. மூன்று நிபந்தனை: வருவதற்கு முன்னால் மெசேஜ் அனுப்ப வேண்டும், மானைத் தொடக் கூடாது, அது குத்தகைக்காரர்களுடையது, கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும்.

அந்த மூன்றாவது நிபந்தனையை ஊரில் ஆடு மாடு வளர்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். திறந்திருந்த கேட்டை நல்லெண்ணத்தில் மூடிவிட்டால் அந்தப் பக்கம் இருக்கும் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கிடைக்காமல் போகலாம். டெக்சாஸ் ஜூலை வெயிலில் அது விளையாட்டு இல்லை. சங்கிலியை எந்தக் கொக்கியில் மாட்டியிருந்தார் என்பதைக்கூட நான் போனில் படம் எடுத்துக்கொண்டுதான் திறப்பேன். பல பண்ணைகளில் அவருக்கு ஒரு பூட்டு, மின்சாரக் கம்பெனிக்கு ஒன்று, எண்ணெய்க் குழாய்க்காரர்களுக்கு ஒன்று என்று பூட்டுகளையே கோத்துச் சங்கிலியாக்கி இருப்பார்கள். மாற்றிப் பூட்டினால் ஒருவருக்கு வழி அடைந்துவிடும்.

முதல் நிபந்தனையில் நான் ஒரு முறை தவறினேன். மெசேஜ் அனுப்பியதாக நினைத்துக்கொண்டே கிளம்பிவிட்டேன். சிக்னல் இல்லாமல் அது போகவே இல்லை. அதிகாலையில் பரணில் உட்கார்ந்திருந்தபோது, எதிரே உள்ள ஓடைக்கரையில் அவருடைய பேரன் வாளியோடு நடந்து வந்தான். துப்பாக்கியைக் காலி செய்து கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று குரல் கொடுத்தேன். கை நடுங்கியது. நேராக வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை, இரண்டு மாதம் வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவரிடமிருந்து பதில் வராமல் நான் காரை எடுப்பதில்லை.

கேட்டு வாங்கும் வழியில் பணச் செலவு மிகக் குறைவு. ஆனால் நேரம் நிறையப் போகும், மனதும் கொடுக்க வேண்டும். சம்மதம் ஒரே நாளில் திரும்பப் பெறப்படலாம். நிலம் விற்றுப் போகலாம், மகன் பொறுப்புக்கு வந்து வேண்டாம் என்று சொல்லலாம். யாரிடமும் போய் நியாயம் கேட்க முடியாது.

அறிமுகமே இல்லாத கதவைத் தட்டலாமா என்று கேட்பார்கள். தட்டலாம்; ஆனால் நம் முகத்தை அந்தப் பக்கம் பார்த்திராத ஊர்களில் கடிதமே முதலில் போகட்டும் என்பது என் எண்ணம். நிலத்தின் உரிமையாளர் பெயரும் தபால் முகவரியும் அந்தந்த கவுன்டியின் (நம் மாவட்டம் போன்றது) சொத்து மதிப்பீட்டு அலுவலகத் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படியே இருக்கும். ஆன்எக்ஸ் போன்ற நில வரைபடச் செயலிகளிலும் எல்லைக்கோட்டோடு தெரியும். நான் ஒரு கோடையில் பதினொரு கடிதம் அனுப்பினேன். கையெழுத்தில், ஒரே பக்கம்: நான் யார், எங்கே வேலை, குடும்பம், எந்த விலங்கு, எத்தனை பேர், எந்த ஆயுதம், போன் எண். பதில் வந்தது இரண்டு. ஒன்று மறுப்பு. மற்றொன்று, சோளம் அறுத்த பிறகு புறாவுக்கு வரலாம் என்று. பதினொன்றுக்கு ஒன்று என்பதை நான் நல்ல விளைச்சலாகவே எடுத்துக்கொண்டேன்.

நேரில் போவதாக இருந்தால் சனிக்கிழமை முற்பகல் நல்ல நேரம். ஞாயிறு சர்ச்சுக்குப் போகும் நேரம், அறுவடை நாள், இருட்டும் வேளை வேண்டாம். பச்சைப் புள்ளிபோட்ட வேட்டை உடுப்பில் போகாதீர்கள், வண்டியில் துப்பாக்கி தெரியும்படி வைக்காதீர்கள், நாலு பேராகப் போய் இறங்காதீர்கள். கேட் பூட்டியிருந்தால் தாண்டவே கூடாது, திரும்பிவிடுங்கள். எல்லாவற்றையும்விட மேலான வழி, அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒருவர் மூலம் போவது. தீவனக் கடைக்காரர், முட்டை வாங்கும் இடம், அலுவலகத்தில் ராஞ்சு (பெரிய மேய்ச்சல் பண்ணை) வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து வந்த சக ஊழியர். நம்மில் பலருக்கு ஆட்டுப் பண்ணையோடு இருக்கும் பழக்கம் இந்த ஊர் ஆட்கள் பலருக்கே கிடையாது. அதை நாம் யாரும் பெரிதாக நினைப்பதே இல்லை.

சம்மதம் கிடைத்ததும் அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பெயர், வண்டி எண், எந்த மாதங்கள், எந்த விலங்கு, நிலத்தின் எந்தப் பகுதி, இருவர் கையெழுத்து. கேம் வார்டன் (வேட்டைச் சட்டத்தைக் கண்காணிக்கும் அதிகாரி) வந்து கேட்டால் அந்தத் தாள் பேசும். விபத்து நடந்தால் வழக்குப் போட மாட்டேன் என்று ஒரு பத்தியும் சேர்த்துக் கொடுத்தால் பல பெரியவர்களுக்குத் தயக்கம் பாதி குறையும். இலவசமாக வேட்டைக்கு விடும் நிலத்துக்காரருக்குப் பொறுப்பைக் குறைத்துக் கொடுக்கும் சட்டம் டெக்சாஸில் இருக்கிறது. அதுவே தெரியாமல் பயப்படுபவர்களும் உண்டு. இன்னொன்று: நீங்கள் சுடும் குண்டு எல்லை தாண்டிப் பக்கத்து நிலத்துக்குள் போனால் அதுவும் குற்றம். அந்தப் பக்கத்துக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அந்தத் திசையில் சுடவே கூடாது. சின்ன நிலம் இலவசமாகக் கிடைத்தால் எந்தப் பக்கம் சுட முடியும் என்று நடந்து பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.

சரி, குத்தகைக்கு வருவோம். ஏக்கருக்கு இவ்வளவு என்றோ, ஒரு துப்பாக்கிக்கு, அதாவது ஒரு ஆளுக்கு, இவ்வளவு என்றோ பேசுவார்கள். நான் விசாரித்த இடங்களில் மான் குத்தகைக்கு ஒரு ஆளுக்கு வருடத்துக்குப் பல ஆயிரம் டாலர் சொன்னார்கள். அதோடு முடிவதில்லை. பரண், மக்காச்சோளம் கொட்டும் ஃபீடர், மாதாமாதம் மூட்டை மூட்டையாகச் சோளம், மூன்று மணி நேரம் போய்வரும் பெட்ரோல். பதிலுக்குக் கிடைப்பதும் பெரிது: சாவி உங்கள் கையில், குடும்பத்தோடு போய் இரண்டு நாள் தங்கலாம், நிலத்தை வருடம் முழுக்கப் பார்த்துப் பழகலாம். எந்த ஓடையில் எப்போது மான் இறங்கும் என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவரும்.

ஆனால் முதல் வருடத்தில் குத்தகை எடுக்காதீர்கள் என்று நான் யாருக்கும் அழுத்திச் சொல்வேன். காலை நாலு மணிக்கு எழுந்து குளிரில் அசையாமல் மூன்று மணி நேரம் உட்காருவது உங்களுக்குப் பிடிக்குமா என்பது தெரிவதற்கு முன்னால் பணம் போய்விடும். சுட்ட பிறகு தோலுரித்து அறுத்து எடுத்துவருவது இன்னொரு பாதி வேலை. அதைப் பார்த்தவுடன் விலகியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிடித்துப்போய்விட்டது என்றால் இரண்டாவது வருடம் ஏற்கெனவே ஓடும் ஒரு குழுவில் காலியான இடத்தில் சேருங்கள். அப்போது எழுத்தில் கேட்க வேண்டியவை: மொத்தம் எத்தனை பேர், விருந்தாளி வரலாமா, ஆளுக்கு எத்தனை மான், பன்றி வருடம் முழுக்க உண்டா, நடுவில் நிலம் விற்றால் பணம் திரும்புமா. காசு வாங்கிக்கொண்டு குத்தகைக்கு விடும் நிலத்துக்காரர் அரசிடம் அதற்கென்று லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள், தவறில்லை.

நாள் கணக்கில் காசு கட்டிப் போவது பன்றிக்கும் புறாவுக்கும் சில நூறு டாலருக்குள் அடங்கும். இதில் நமக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது. ஹில் கன்ட்ரியில் ஆக்சிஸ் என்று சொல்கிறார்களே, அது நம் புள்ளிமான்தான். 1930-களில் கொண்டுவந்து விட்டது பெருகிவிட்டது. வெளிமானும் அதே பகுதியில் மேய்கிறது. தெற்கே கிங் ராஞ்ச் பக்கம் நீலகாய். கிண்டியிலும் கோடியக்கரையிலும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்து வளர்ந்த புள்ளிமானுக்கும் வெளிமானுக்கும், அந்த நீலகாய்க்கும் இங்கே சீசனும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை; லைசென்ஸும் நிலத்துக்காரர் சம்மதமும் போதும். கிம்பிள் கவுன்டியில் முதல் முறை ஓடைக்கரையில் இருபது புள்ளிமான் இறங்கி வந்தபோது என்னால் துப்பாக்கியைத் தூக்க முடியவில்லை. இவை இங்கே உள்ளூர் மானோடு புல்லுக்கும் தண்ணீருக்கும் போட்டி போடுகின்றன என்று தெரிந்தும் முடியவில்லை. அடுத்த வருடம் சுட்டேன். கொழுப்பே இல்லாத, வீச்சம் இல்லாத கறி. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கினால் வேறு எதுவும் வேண்டாம். பன்றிக்கறி சாப்பிடாத வீடு என்றால் இதற்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. பன்றி என்றால் அறுக்கும்போது கையுறை கட்டாயம் போடுங்கள். புரூசெல்லோசிஸ் என்ற பாக்டீரியா நோய் பன்றியிடமிருந்து மனிதருக்கும் தொற்றும்.

கடைசியாக அரசு பெர்மிட். வருடத்துக்கு 48 டாலர். பத்து லட்சம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலம் அதில் திறக்கிறது. ஹூஸ்டனுக்கு வடக்கே சாம் ஹூஸ்டன் தேசிய வனம் மட்டுமே ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஏக்கருக்கு மேல். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: தனியாரிடமிருந்து வனவிலங்குத் துறை புறாவுக்கென்று குத்தகைக்கு எடுத்த வயல்களும் இந்தப் பெர்மிட்டில் அடக்கம். அதாவது நிலத்துக்காரரிடம் போய்க் கேட்கும் வேலையை அரசே உங்களுக்காகச் செய்து வைத்திருக்கிறது. குறைகளும் உண்டு. தொடக்க வாரம் கூட்டம் மொய்க்கும், சோளம் தூவ முடியாது, பெரும்பாலான வேட்டைகளில் நெஞ்சிலும் முதுகிலும் தலையிலும் ஆரஞ்சு நிறம் கட்டாயம். தனியாக, குலுக்கல் வேட்டைகளுக்கு விண்ணப்பக் கட்டணம் 3 டாலர் அல்லது 10 டாலர். ஒன்பதிலிருந்து பதினேழு வயதுக்குள் பிள்ளை இருந்தால் டெக்சாஸ் யூத் ஹன்டிங் புரோகிராமைப் பாருங்கள். தனியார் ராஞ்சுகளிலேயே, வழிகாட்டியோடு, பெற்றோரும் உடன் இருக்கும்படி நடத்துகிறார்கள். நான் பார்த்த ஏற்பாடுகளில் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல மாட்டேன்.

எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்படிக் குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதற்கு ஒரு விலக்கு. பன்றிக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மாநிலச் சட்டம் சொல்வதை நம்பி வாங்காமல் விட்டால், நண்பரின் துப்பாக்கியைத் தொடுவதே சிக்கலாகிவிடும். டெக்சாஸில் ஆறு மாதம் தொடர்ந்து இருந்தவருக்கு லைசென்ஸ் 25 டாலர்தான். ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு பழையது காலாவதியாகும். வாங்கிவிடுங்கள், உங்கள் வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தேர்வைக் கேட்டால், முதல் வருடம் 48 டாலர் பெர்மிட், கூடவே ஐந்தாறு கடிதம், பன்றிக்கும் புறாவுக்கும் மட்டும். ஹூஸ்டனில் இருப்பவருக்குப் பெர்மிட் மட்டுமே போதுமானதாக இருக்கும், வனம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் இருப்பவர்களுக்குப் பொது நிலம் அவ்வளவு அருகில் இல்லை; கடிதத்தில்தான் உழைப்பைப் போட வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமைகூட ஓய்வில்லாத வேலை என்றால் கதவு தட்டுவதெல்லாம் வேண்டாம், வருடத்துக்கு ஒரு நாள் காசு கட்டிப் புள்ளிமானுக்குப் போய்வாருங்கள். குத்தகை, மூன்று நான்கு நண்பர்கள் குடும்பத்தோடு சேர்ந்து, எல்லோரும் இரண்டு சீசன் பார்த்த பிறகு.

கடிதம் எழுதுவதாக இருந்தால் இந்த வாரமே எழுதிவிடுங்கள். செப்டம்பர் 1 அன்று வடக்கு, மத்திய மண்டலங்களில் புறா சீசன் திறக்கிறது. அதற்குப் பிறகு போனால் அந்த வீட்டு வாசலில் ஏற்கெனவே நாலு வண்டி நிற்கும்.